மலையோரக் கடைசி நிரை

எந்த ஊர் என்று யாராவது கேட்டு, நான் தஞ்சோங் ரம்புத்தான் என்றால் கேட்டவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போகும். 1911இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனையை வைத்து மலேசியா முழுக்கப் பிள்ளைகளை அதட்டுகிறார்கள், நண்பர்களைக் கேலி செய்கிறார்கள். அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் ரசித்ததில்லை. அங்கே இருந்தவர்கள் நோயாளிகள். அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டவர்களில் எங்கள் சொந்தக்காரர்களும் உண்டு. அதைத் தாண்டி அந்த ஊருக்கு ஒரு மலை இருந்தது, ஓர் ஆறு இருந்தது, நாங்கள் பிறந்து வளர்ந்த பால்மரக்காடு இருந்தது.

ஈப்போவிலிருந்து வடக்கே போகும் ரயில் எங்கள் ஊர் ஸ்டேஷனில் நிற்கும்போது, கிழக்கே பாதி வானத்தை மறைத்துக்கொண்டு தித்திவங்சா மலைத்தொடர் தெரியும். 2,183 மீட்டர் உயரமுள்ள கோர்பு மலையிலிருந்துதான் கிந்தா ஆறு இறங்கி வருகிறது. ஊருக்கு மேற்கே ஈயக்குட்டைகள், கலங்கிய தண்ணீர், வெள்ளை மணல் மேடுகள். நடுவில் சின்னக் கடைத்தெரு, ரயில் பாதை, ரம்புத்தான் மரங்கள் நிற்கும் கம்பத்து வீடுகள். எங்கள் தோட்டம் ஊருக்கும் மலைக்கும் இடையில் இருந்தது. லயத்து வீட்டு வாசலில் நின்றால் மலைக்காட்டின் குரங்குச் சத்தம் கேட்கும்.

தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை பிரித்துக் கொடுத்திருப்பார்கள். தாத்தாவுக்குக் கிடைத்தது மலையோரத்தின் கடைசி நிரை. அதை யாரும் விரும்பிக் கேட்டு வாங்க மாட்டார்கள். வெயில் ஏற நேரமாகும், பட்டை எப்போதும் ஈரமாக இருக்கும், மழை தூறினால் அட்டை கணுக்கால் வரைக்கும் ஏறிவிடும், காட்டுப்பன்றி வந்து மங்குகளைக் கவிழ்த்துவிட்டுப் போகும். பால் ஸ்டோருக்கு வாளியைக் காண்டாவில் தொங்கவிட்டுத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய தூரமும் அதிகம். தாத்தா முப்பது வருஷத்துக்கு மேல் அந்த நிரையிலேயே மரம் வெட்டினார். கங்காணி வேறு நிரை தருவதாகச் சொல்லியும் அவர் மாறவில்லை என்று பாட்டி சொல்லுவார்.

பள்ளி விடுமுறையில் நான் அவருடன் போவேன். மங்கு துடைப்பதும் ஒட்டுப்பால் உரித்துச் சாக்கில் போடுவதும் என் வேலை. கடைசி மரத்துக்கு அப்பால் ஓர் ஓடை. கணுக்கால் அளவுத் தண்ணீர், கூழாங்கல், மேலே விழுந்து கிடக்கும் கட்டைகள். ஓடைக்கு அந்தக் கரையில் மூங்கிலும் ரோத்தான் முள்ளும் பெர்த்தாம் ஓலையும் நெருக்கி வளர்ந்திருக்கும். அதற்குப் பின்னால் பெரிய மரங்கள். தோட்டத்துக் கணக்கில் சேராத, காட்டுக் கணக்கிலும் சேராத அந்தப் புதர்க்கரையில்தான் எல்லாம் நடமாடியது. இன்று யோசித்தால், தாத்தா நிரையை மாற்றிக்கொள்ளாததற்குக் காரணம் அந்தக் கரைதான் என்று தோன்றுகிறது.

ஒரு நாள் விடியற்காலையில் மழை பெய்து வெட்டு நின்றுவிட்டது. மரம் காயுமா என்று பார்க்கத் தாத்தா காத்திருந்தார். ஓடைக்கரைச் சருகில் ஒரே ஒரு சருகு மட்டும் நகர்ந்தது. தாத்தா குனிந்து உளியின் பிடியால் மேல் இலைகளை விலக்கினார். என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஆமை. செங்கல் நிறம். ஓட்டின் விளிம்பு முழுக்கக் கூரான முட்கள்; பழைய அலாரக் கடிகாரத்தைக் கழற்றினால் உள்ளே கிடைக்கும் பல்சக்கரம் மாதிரி இருந்தது. முதுகின் நடுவே ஒரு வரம்பு ஓடியது. இரு பக்கத் தட்டுகளிலும் தட்டுக்கு ஒரு சின்ன முள். தாத்தா அதைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். வெளிர் மஞ்சள் தட்டுகள், ஒவ்வொன்றிலும் கரிய கோடுகள் ஓரிடத்தில் தொடங்கிச் சுற்றிலும் பரவின. யாரோ உட்கார்ந்து மையால் கீறியதுபோல அவ்வளவு துல்லியம். தலை உள்ளே போயிருந்தது. முன்கால்களில் சிவப்புப் புள்ளிகள்.

நான் வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டேன். தாத்தா அதை எடுத்த இடத்திலேயே, அது முகம் வைத்திருந்த திசையிலேயே திரும்ப வைத்தார்.

"அது எங்கியோ போய்க்கிட்டு இருந்திச்சிடா தம்பி. நாம வழிய மாத்திவிட்டா அதுக்கு வீடு தெரியாது."

சருகை மேலே தள்ளிவிட்டு உளியைத் துடைத்துக்கொண்டார். இன்று ஆமைப் பாதுகாப்பில் ஈடுபடுகிறவர்கள் பயிற்சி வகுப்புகளில் சொல்வதும் அதையேதான்: காட்டாமையை இடம் மாற்றாதே, சாலையில் கண்டால் அது போகும் திசையிலேயே அக்கரை சேர்த்துவிடு. ஓர் ஆமை தன் ஆயுளில் பெரும்பகுதியைச் சிறிய வட்டத்துக்குள்ளேயே கழிக்கிறது. எந்த மரம் எப்போது பழம் உதிர்க்கும், கோடையில் எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் என்பது அதற்கு மனப்பாடம். தூக்கிக்கொண்டுபோய் வேறு காட்டில் விட்டால் அந்த அறிவு ஒன்றுக்கும் உதவாமல் போய்விடுகிறது.

எங்கள் லயத்தில் ஆமை என்றால் ஒரே ஆமைதான். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்ற பழமொழியைக் கப்பலேறி வந்தவர்கள் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். வீட்டு வாசலில் ஆமையைப் பார்த்தால் பாட்டி தென்னந்துடைப்பத்தால் தள்ளிக் கால்வாயில் இறக்கிவிட்டு, வாசலை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவுவார். கள்ளுக்கடைக்குப் போகிற சில ஆண்கள் கையில் கிடைத்ததைச் சமைத்துத் தின்றார்கள். தீட்டு என்று விரட்டியவருக்கும் கறி என்று பிடித்தவருக்கும் அது எந்த ஆமை என்ற கேள்வி எழவில்லை.

உண்மையில் எங்களைச் சுற்றி ஐந்தாறு வகை இருந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில். கால்வாயிலும் ஈயக்குட்டை ஓரத்திலும் இருந்தது, மலாய்க்காரர்கள் கூரா கூரா காத்துப் என்று சொல்லும் பெட்டியாமை. கவிழ்த்த சட்டி அளவுக்கு உயர்ந்த கரிய ஓடு, முகத்தில் மஞ்சள் கோடுகள். அடி ஓட்டில் கீல் உண்டு. பயந்தால் முன்னும் பின்னும் கதவைச் சாத்திக்கொள்ளும், நகக்கண் நுழையாது. சேற்றுக்குளத்தில் இருந்தது முற்றிலும் கறுப்பு, கண்ணுக்குப் பின்னால் மட்டும் வெள்ளைத் திட்டு. ஓடையில் தட்டையான பழுப்பு நிறத்தில் ஒன்று கிடைக்கும். பின்விளிம்பில் லேசான பற்கள் இருப்பதால், ஓடைக்கரைச் சருகில் நாங்கள் கண்ட அந்த முள்ளாமை வளர்ந்தது என்றே பலரும் நினைப்பார்கள், ஆனால் அது இலையாமை. மீன்தூண்டிலில் சிக்குவது லாபி லாபி, ஓட்டுக்குப் பதில் தோல் போர்த்தியது, கடித்தால் விடாது. இன்னொன்று காட்டோடையில் மட்டும் வாழும் தட்டையோட்டு ஆமை. பெரும்பாலான ஆமைகளுக்கு முதுகின் நடுவரிசையில் ஐந்து தட்டுகள் இருக்கும். இதற்கு ஆறு அல்லது ஏழு. நிறத்தையோ அளவையோ பார்க்கத் தேவையில்லை, எண்ணத் தெரிந்தால் போதும்.

முள்ளாமையை இனம்காண்பது கொஞ்சம் சிரமம். குஞ்சில் அவ்வளவு கூராக இருக்கும் முட்கள் வயதாக ஆக மழுங்கிப்போகின்றன. இருபது சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த கிழ ஆமையின் விளிம்பில் பின்பக்கம் மட்டும் சில பற்கள் மிஞ்சும். குஞ்சையும் கிழத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரே இனம் என்று நம்ப மாட்டீர்கள். ஆனால் அடிவயிற்றில் அந்தக் கரிய கோடுகளின் கீற்று பெரும்பாலும் அழியாமல் இருக்கும். இதையெல்லாம் நான் கற்றது பல வருஷம் கழித்து, லிம் பூ லியாட்டும் இந்திரநீல் தாஸும் சேர்ந்து 1999இல் வெளியிட்ட தீபகற்ப மலேசியா, போர்னியோ ஆமைகளைப் பற்றிய நூலிலிருந்து. கிள்ளானில் பிறந்து நாட்டின் எலி, பாம்பு, வௌவால் என்று ஒன்றையும் விடாமல் ஆராய்ந்தவர் லிம் பூ லியாட். அந்த நூலின் பக்கங்களில் முள்ளாமையின் படத்தைக் கண்டபோது ஓடைக்கரை ஈரமண் வாசனையே வந்துவிட்டது. ஹியோசெமிஸ் ஸ்பைனோசா. தாய் ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு முட்டைதான் இடும் என்று அறிந்தபோது மனம் கனத்தது. அப்படிப்பட்ட இனத்தில் ஒரு பெட்டையைப் பிடித்துப்போவது என்பது ஓர் ஓடையின் பல வருஷத்துப் பிறப்பை எடுத்துக்கொண்டு போவது.

ஆனால் ஊரில் எல்லாரும் பேசிய ஆமை அதுவல்ல, பானிங்.

அது மலையாமை. ஆசிய நிலப்பரப்பின் நில ஆமைகளில் மிகப் பெரியது இதுதான். கரும்பழுப்பு ஓடு, அகலமாகத் தாழ்ந்த முதுகு. காலைப் பார்த்தால் போதும், மற்றவற்றிலிருந்து பிரித்துவிடலாம். விரல்களுக்கிடையே தோல் கிடையாது, தடித்து உருண்ட கால், முன்பக்கம் கூரைஓடு வேய்ந்த மாதிரி பெரிய செதில்கள். பின்தொடை இரண்டிலும் நகம் போலத் துருத்திய செதில்கொத்து உண்டு. அதைப் பார்த்துவிட்டு ஆறுகால் ஆமை என்று விலங்கு வியாபாரிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். பழம் உதிரும் காலத்தில் இது மேட்டிலிருந்து கடைசி நிரை வரைக்கும் இறங்கி வரும். செம்படாக் பழம் விழுந்து வெடித்த இடத்தில் முகத்தையும் முன்காலையும் பூசிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். மூங்கில் குருத்து, காளான், ஓடைக்கரைக் கிளாடிச் செடி என்று எதையும் விடாது. வெயில் நேரத்தில் சேற்றுப் பள்ளத்தில் கழுத்து மட்டும் தெரியப் புதைந்து கிடக்கும்.

பானிங் கூடு கட்டும் என்று தாத்தாவுக்குச் சொன்னவர் உலு கிந்தா மலையிலிருந்து வரும் ஒரு தெமியார் பெரியவர். பெத்தாய்க் காயும் ரோத்தானும் கொண்டுவந்து உப்பும் புகையிலையும் வாங்கிப் போவார். கடைத்தெரு மலாயில் இருவரும் நெடுநேரம் பேசுவார்கள். ஆமை கூடு கட்டுவதாவது என்று லயத்தில் யாரும் அதை நம்பவில்லை. ஒரு தடவை அவர் எங்களை ஓடைக்கு அப்பால் கொஞ்சதூரம் கூட்டிப்போய்க் காட்டினார். மூங்கில் அடியில் சருகுக் குவியல், என் முழங்காலுக்கு மேல் உயரம். அதைச் சுற்றிப் பல அடி தூரம் தரை பெருக்கி வைத்ததுபோல வெறும் மண்ணாகக் கிடந்தது. குவியல் மேல் அவள் படுத்திருந்தாள். நாங்கள் நெருங்கியதும் ஓடவில்லை, ஓட்டுக்குள் ஒடுங்கவில்லை, உடம்பை எங்கள் பக்கம் நகர்த்தி முட்டையிருந்த இடத்தை மறைத்துக்கொண்டாள். பெரியவர் கையை நீட்டி எங்களைப் பின்னுக்கு நிறுத்தினார்.

அறிவியலாளர்கள் எழுதியிருப்பதும் இதைத்தான். தாய் பின்னோக்கி நகர்ந்தபடியே முன்கால்களால் சருகை வாரிவாரித் தள்ளி மேடு அமைக்கிறது. அதில் முப்பது, நாற்பது என்று முட்டையிட்டு மூடுகிறது. சருகு மட்கும் கதகதப்பில் முட்டை பொரிகிறது. இட்டு முடித்த பிறகும் நாள்கணக்கில் அங்கேயே கிடந்து உடும்பையும் பன்றியையும் தள்ளி விரட்டுகிறது. முட்டையைப் புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதுதான் ஆமைக்குலத்தின் வழக்கம். காவலிருக்கும் தாய் மிக அபூர்வம். அந்தக் குவியலுக்கு வேண்டியது என்னவென்று யோசித்துப் பாருங்கள். நிறையச் சருகு வேண்டும். சருகு உதிர்க்கும் பெரிய மரங்கள் வேண்டும். ஈரம் போகாத நிழல் வேண்டும். துப்புரவாகக் களையெடுத்த தோட்டத்தில் ஒரு பானிங் கூட முட்டையிட முடியாது.

ஈப்போவுக்குத் தெற்கே குனோங் ராப்பாட்டில் சாம் போ தோங் குகைக்கோயில் இருக்கிறது. குகையைக் கடந்து மறுபக்கம் போனால் சுண்ணாம்புப் பாறைகள் சூழ்ந்த வெளியில் ஆமைக்குளம். தீபாவளி விடுமுறையில் எங்களை அங்கே கூட்டிப்போவார்கள். கங்கோங் கீரைக் கட்டு வாங்கி ஒவ்வொரு தண்டாக நீட்டுவோம், ஆமைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவந்து பிடுங்கும். சீனப் பெரியவர்களுக்கு ஆமை நீண்ட ஆயுளின் அடையாளம். ஓர் உயிரை விடுதலை செய்தால் புண்ணியம் என்று குளங்களில் ஆமை விடுவது அவர்களிடம் பழைய வழக்கம். அந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன். எனக்கு வருத்தமெல்லாம் இந்த இரக்கம் போய்ச் சேரும் இடத்தைப் பற்றித்தான். சந்தையில் விலைகொடுத்து மீட்கும் ஆமை பெட்டியாமையாக இருந்தால் குளத்தில் பிழைத்துக்கொள்ளும். மலையாமையாக இருந்தால் பிழைக்காது. அதற்கு நீந்தத் தெரியாது. செங்குத்தான சிமெண்டுச் சுவரில் கால் வைத்து ஏறவும் முடியாது. எங்கள் பக்கத்து ஊர்க்குளம் ஒன்றில் ஒரு பானிங் சுவரோரமாகவே சுற்றிச்சுற்றி வந்ததைக் கண்டேன். அடுத்த வாரம் அது மிதந்தது. விட்டவர் நல்ல மனதோடுதான் விட்டிருப்பார். இப்போது அக்குளங்களில் நிறைந்திருப்பது கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை போட்ட அமெரிக்க ஆமை. மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்துச் சரக்கு. வளர்ப்புக் கடையில் நாணய அளவில் வாங்கி, தட்டு அளவுக்கு வளர்ந்ததும் கொண்டுவந்து விடுகிறார்கள். அது நம் ஓடைக்குள் புகுந்தால் உள்ளூர் ஆமையின் உணவையும் வெயில்காயும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

சந்தைக்கு ஆமை எங்கிருந்து வந்தது என்று சிறுவயதில் யாரும் கேட்கவில்லை. எழுபதுகளின் கடைசியில் மோட்டார்சைக்கிளில் சாக்கோடு ஆள் வந்து, உயிரோடு இருந்தால் கிலோ கணக்கில் விலை என்று லயத்துப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போனது நினைவிருக்கிறது. அது பெரிய ஆற்றின் ஒரு சின்ன வாய்க்கால்தான். தொண்ணூறுகளில் சீனாவின் சந்தைகள் திறந்தபோது தென்கிழக்காசியக் காடுகளின் ஆமைகள் டன் கணக்கில் ஏறின. 2001 டிசம்பரில் ஹாங்காங்கில் ஒரே கப்பல் சரக்கில் சுமார் 10,000 ஆமைகளைச் சுங்கத்துறை பிடித்தது. அவற்றில் முள்ளாமையும் பெட்டியாமையும் இருந்தன. அடுக்கடுக்காகத் தண்ணீரின்றிக் கிடந்தவற்றைப் பல நாட்டு உயிரியல் பூங்காக்கள் பகிர்ந்தெடுத்து மருந்து போட்டன. பெட்டியாமை இனங்கள் 2000இல் நைரோபிக்கு அருகே நடந்த சைட்டீஸ் மாநாட்டில் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. முள்ளாமை 2002இல் சாந்தியாகோ மாநாட்டில் சேர்ந்தது. பானிங் இன்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில், அற்றுப்போவதற்கு ஒரு படி முன்னால் நிற்கும் வகையில் இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டத்தில் ஆமைக்கு ஒரு விசித்திரமான இடம். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் மாநிலங்களின் அதிகாரப் பட்டியலில் ஆமைகளும் ஆற்று மீன்பிடிப்பும் ஒரே வரியில் வருகின்றன. நிலமும் காடும் மாநிலத்தின் கையில் இருப்பதுபோல ஆமையும் மாநிலத்தின் கையில். பேராக்கில் பெரிய ஆற்றின் துந்தோங் ஆமைக்குப் பழங்காலத்திலிருந்தே ஒரு மரியாதை இருந்தது. அதன் முட்டை அரண்மனை உரிமை. அறுபதுகளின் இறுதியிலேயே போத்தா கானானில் அதற்குப் பொரிப்பகம் அமைந்தது. முட்டையைக் கொண்டுவந்து மணலில் புதைத்து, குஞ்சு பொரித்து, வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள். நல்ல வேலை. ஆனால் காட்டாமைக்கு அப்படியொரு பொரிப்பகமும் கிடையாது, அரண்மனையும் கிடையாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் தீபகற்பம் முழுவதும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அதிகாரிகள் இவற்றுக்காக நடவடிக்கை எடுக்க முடிந்தது. பிடித்துவந்த ஆமை எந்த இனம் என்று சொல்லத் தெரியாத இடத்தில் சட்டம் என்ன செய்யும்? வழக்கு நிற்பதும் விழுவதும் அடி ஓட்டைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்த ஓர் ஆளைப் பொறுத்தது.

இங்கே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை. சென்னை பாம்புப் பண்ணையில் வேலை பார்த்த ஜே. விஜயா, ஊர்வன ஆய்வில் இறங்கிய முதல் இந்தியப் பெண் என்று அறியப்படுபவர். கேரளத்துப் பழைய கொச்சி சமஸ்தானக் காட்டில் கிடைத்த ஒரு சின்னக் காட்டாமையை 1912இல் சென்னை அருங்காட்சியகத்தின் ஹெண்டர்சன் விவரித்து எழுதினார். பிறகு எழுபது வருஷம் அதை அறிவியல் உலகில் யாரும் காணவில்லை. விஜயா தனியாகக் காட்டுக்குள் போய்க் குகையில் தங்கி, காடர் பழங்குடியினரிடம் கேட்டுக் கேட்டு, 1982இல் அதைக் கண்டுபிடித்தார். மஞ்சள் தலை, மூக்கின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு, ஒரு சாண் நீளம்கூட வராது. அறிவியலுக்குத் தொலைந்துபோன ஆமை காடர்களுக்குத் தொலையவே இல்லை. விஜயா 1987இல் இளம்வயதிலேயே இறந்துபோனார். 2006இல் அந்த ஆமைக்கென்றே தனிப் பேரினம் வகுத்து விஜயாகெலிஸ் என்று அவர் பெயரை வைத்தார்கள். ஒருகாலத்தில் அதை எங்கள் முள்ளாமையின் பேரினத்தில்தான் சேர்த்து வைத்திருந்தார்கள் என்பதைப் படித்தபோது, பார்த்தே இராத அந்தப் பெண் என் ஓடைக்கரைக்கு உறவாகிவிட்டார். தெமியார் பெரியவர் எங்கள் ஊரில் யாரிடமும் படிப்புச் சான்றிதழ் காட்டியதில்லை. அவரிடம் உட்கார்ந்து குறிப்பெடுக்க ஒரு விஜயா எங்கள் பக்கம் அன்று வரவில்லை.

1985இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடின. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் தோட்டமும் கலைந்தது. பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள், சாலையோரத்தை வீடமைப்புக்கு விற்றார்கள். லயங்கள் இடிந்து, சனங்கள் ஈப்போவுக்கும் சிலாங்கூருக்கும் சிதறினார்கள். இதையெல்லாம் நம் எழுத்தாளர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் சொல்ல நினைப்பது அந்தக் கடைசி நிரையைப் பற்றி மட்டும். பால்மரக்காடு இயற்கைக் காடல்லதான். ஆனாலும் பழைய தோட்டத்தின் ஓரங்களில் யாரும் அக்கறை எடுக்காத ஈரமும் புதரும் சருகும் மிஞ்சியிருந்தன. செம்பனை வந்தபோது எந்திரம் ஓடைவரைக்கும் இறங்கியது, சில இடங்களில் ஓடையே நேர்க்கோட்டுக் கால்வாயாயிற்று. மூங்கில் போனது. செம்படாக் மரங்கள் போயின. மலையாமை இறங்கிவரும் பாதையில் வாகனங்கள் ஓடும் சாலை. மேலே உலு கிந்தாவில் அணை கட்டி ஈப்போவுக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால் அதற்கு மேலுள்ள காடு பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் காட்டாமைகள் பழம் தேடி நடமாடியது தாழ்ந்த சரிவுகளில், நாம் முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில்.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் பெரிய திட்டம் எதையும் சொல்வதில்லை. ஓடையின் இரு கரையிலும் சில மீட்டர் புதரை வெட்டாமல் விடுங்கள் என்று செம்பனைத் தோட்டக்காரர்களிடம் கேட்டிருக்கிறேன். அரசு வடிகால் துறையின் விதியிலும் ஆற்றோரக் காப்புநிலம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது, சின்ன ஓடைகளுக்கு வரும்போது அதை மறந்துவிடுகிறோம். நாகாலாந்தில் உயிரியல் பூங்காவில் பொரித்து வளர்த்த பானிங் குஞ்சுகளைக் காட்டுக்குள் திரும்ப விட்டிருக்கிறார்கள். கிராம மக்களே காவல். வங்காளதேசத்திலும் செய்திருக்கிறார்கள். அங்கே காட்டில் ஆமை ஏறக்குறைய தீர்ந்துபோன பிறகு அந்தப் பாடு பட வேண்டியிருந்தது. எங்கள் மலையில் இன்னும் மிச்சமிருக்கிறது. மிச்சமிருக்கும்போதே பார்த்துக்கொள்வது சுலபம்.

அக்கா மகன் ஈப்போவில் கார் பட்டறை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு மலையேறப் போவான். காட்டில் ஆமையைக் கண்டால் எப்படிப் படமெடுப்பது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, முகம், கால், தூக்குவதாக இருந்தால் தரையை ஒட்டியே ஒரு நொடி திருப்பி அடி ஓடு. பிறகு அதே இடத்தில், அதே திசையில். போன மழைக்காலத்தில் அவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ஓடைத் தண்ணீரில் தட்டையான பழுப்பு ஆமை.

"மாமா, இது இலையாமதானே?"

"முதுகு நடுவுல எத்தன தட்டு? எண்ணிச் சொல்லு."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. படத்தைப் பெரிதாக்கி எண்ணியிருப்பான்.

"ஏழு மாமா. நாங்க மூணு பேரும் எண்ணிட்டோம். ஏழுதான்."

தட்டையோட்டு ஆமை. சிறுவயதில் அந்த ஓடையில் பார்த்த பிறகு நான் அதைக் கண்டதே இல்லை. அவர்களில் ஒருவன் அதை முகநூலில் இடம் குறித்துப் போடத் தயாராக இருந்தான். இனத்தின் பெயரைப் போடு, இடத்தைப் போடாதே, சாக்குக்காரனும் முகநூல் படிக்கிறான் என்று உடனே அழைத்துச் சொன்னேன். இடக்குறிப்பைப் பெர்ஹிலித்தானுக்கு மட்டும் அனுப்பினோம். அடுத்த முறை போகும்போது அடிவயிற்றையும் படமெடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். என் முழங்கால் ஒத்துழைத்தால் நானும் அவர்களோடு ஓடைவரைக்கும் போவேன்.